கருத்துக் கேட்கும் முறையும் மாற வேண்டும்

இணையக் கொள்கை வகுப்பில் பயனர்களின் குரலை வலியுறுத்திய தங்கள் தலையங்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், கேட்கும் விதமே யார் பேச முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2015-இல் இணையச் சமநிலை (எல்லா இணையதளங்களையும் செயலிகளையும் இணைய சேவை நிறுவனங்கள் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற கொள்கை) குறித்து, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மக்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்ட ஆலோசனைத் தாள் 118 பக்க ஆங்கிலம்; அதில் 20 கேள்விகள். தன்னார்வலர்கள் அதை எளிமையாக்கி, பதில்களின் மாதிரியையும் தயாரித்துத் தந்த பிறகே 10 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன. அவற்றை டிராய் வெளியிட்டது சரிதான். ஆனால், எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்தே வெளியிட்டது பெரும் பிழை. அடுத்த முறை எழுத யார் துணிவார்?

இனி ஒவ்வோர் ஆலோசனைத் தாளுடனும் மாநில மொழிகளில் நான்கு பக்கச் சுருக்கம் வெளியிட வேண்டும். பதில்களை முகவரி நீக்கிப் பதிவேற்றுவதோடு, எந்தக் கருத்து ஏற்கப்பட்டது, எது ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதையும் இறுதி ஆணையுடன் இணைக்க வேண்டும்.

– வாசகர், திருச்சி