எங்கள் வீட்டைச் சீரமைக்கத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

ஊராருக்கும், பங்காளிகளுக்கும், வேலைக்கு வந்து உதவிய அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

காரைக்குடிக்கு அருகே எங்கள் பாட்டையா கட்டிய வீட்டில், எங்கள் புள்ளிக்கு (குடும்பக் கிளைக்கு) உரிய பகுதியைப் பழுதுபார்க்கும் வேலை தை மாதத்தோடு நிறைவடைந்தது. சுவரில் உரிந்த பூச்சைச் சுரண்டுவது, தூண்களுக்கு உப்புத்தாள் போடுவது, மரத்துக்கு எண்ணெய் பூசுவது, அறைகளை ஒழுங்குபடுத்தி அலங்கரிப்பது எனக் கையால் ஆகக்கூடிய வேலைகளையெல்லாம் நாங்கள் இருவருமே செய்தோம். அதைப் பார்த்தவர்கள் எங்களைப் பாராட்டுகிறார்கள். பாராட்டில் பெரும்பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்பதைப் பலரும் அறியச் சொல்லிவிடுவதே முறை என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி பங்காளிகளுக்கு. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்த கொடுக்கல் வாங்கல் நின்றுபோன பிறகு, எங்கள் குடும்பமும் பிழைப்புக்காகப் பல ஊர்களுக்குச் சிதறியது. வீடு திருமணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டுமே திறக்கும் வீடாயிற்று. பங்காளிகள் பலருக்கும் உரிய பொதுவீட்டில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் கூரை ஓடு ஒன்றைக்கூட மாற்ற முடியாது என்பது இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். இங்கே வீடுகள் இடிவதற்கு மழையைவிட இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம். எங்கள் பங்காளிகள் அனைவரும், கடல் கடந்து இருப்பவர்கள் உட்பட, வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றியுள்ள அறைகளின் அமைப்பை மாற்றக்கூடாது என்ற ஒரே நிபந்தனையுடன் சம்மதம் தந்தார்கள். அண்ணன்மார் இருவர் ஒருபடி மேலே போய், தங்கள் பங்கின் மேல் இருந்த கூரைக்கும் சேர்த்துப் பணம் அனுப்பினார்கள்.

அடுத்து, எங்கள் கொத்தனார் ஐயா. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சிமெண்டுப் பூச்சுக்கு விலை கேட்டபோது, "அது வேணாம் ஆச்சி, பழைய சுவரு மூச்சு முட்டிப்போகும்" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் சுவர்களைக் காப்பாற்றியது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும் என்பதை, முன்பு யாரோ சிமெண்டு பூசியிருந்த அடுப்படிச் சுவரைக் கரண்டியால் தட்டிக் காட்டியே எங்களுக்குப் புரியவைத்தார். பிறகு தொட்டியில் சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டு அரைக்கச் செய்து, மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினார். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தவர்கள் நாங்கள். மணிக்கட்டு வீங்கியது உண்மைதான். ஆனால் விரல் வைத்தால் வழுக்கும் அந்தச் சுவரைப் பார்க்கும்போது அதைச் சொல்லிக் குறைபட மனம் வரவில்லை.

கூரை வேலையை ஆசாரியார் ஏற்றுக்கொண்டார். நாட்டு ஓடுகளைப் பிரித்து இறக்கியபோது அவற்றைத் தாங்கும் கைமரங்கள் சிலவற்றில் கரையான் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரும்பு போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அவரோ ஒவ்வொரு மரத்தையும் உளியின் பின்புறத்தால் தட்டி, ஓசையைக் கேட்டே எது உளுத்தது, எது தேறும் என்று பிரித்தார், தேறியவையே மிகுதி. மாற்ற வேண்டியவற்றுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பர்மாத் தேக்கு தேடித் தந்த கடைக்காரருக்கும் கடமைப்பட்டுள்ளோம். அந்த மரம் எங்கோ இடிக்கப்பட்ட இன்னொரு வீட்டில் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டார் யாரென்று தெரியாவிட்டாலும் அவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இருந்தும் தூணும் கதவு நிலையும் லாரி ஏறிப் போவது நிற்கவில்லை.

முகப்பில் சிதைந்துபோன தரைக்காக, பூவேலைத் தரை ஓடுகள் செய்யும் ஆத்தங்குடிக்குச் சென்றோம். உடைந்த பழைய ஓடு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியதும், பட்டறைப் பெரியவர் அச்சுகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய், ஏறத்தாழ அதே பூவேலைப்பாடு உள்ள ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, இதழுக்கு மஞ்சளும் நடுவுக்குச் சிவப்புமாகச் சிறு கரண்டியால் வண்ணச் சிமெண்டை ஊற்றிய அவர் கை, கோடு தாண்டி ஒரு சொட்டும் விடவில்லை. அச்சை எடுத்தபின் மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள், சூளை கிடையாது. பழைய தரையின் மங்கிய நிறத்தோடு ஒத்துப்போவதற்காக எங்கள் முன்னாலேயே வண்ணக் கலவையை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்த அவர், அதற்கெனத் தனிக்கூலி வாங்க மறுத்துவிட்டார். இப்போது தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வருகிறோம். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும் என்று அவர் சொன்னது சரியாகவே இருக்கிறது.

அலங்காரம் என்று நாங்கள் செய்தது, உண்மையில் எதிர்வீட்டு ஆச்சி நினைவிலிருந்து சொன்னதுதான். பெல்ஜியம் கண்ணாடி எந்தப் பத்தியில் (தாழ்வாரத்தில்) எந்த உயரத்தில் தொங்கியது, ரவிவர்மா அச்சுப் படங்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதையெல்லாம் கட்டைத் தடியால் சுட்டிக் காட்டினார். நாங்கள் ஆசையாக வாங்கி வந்த புதுத் திரைச்சீலைகளைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, வளவுல காத்து வரவேணாமா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். திரைச்சீலைகள் இப்போது மெத்தை உறைகளாகிவிட்டன. தம் கையால் பின்னிய ஓலைக் கொட்டான்களையும் அவர் கொடுத்திருக்கிறார், முகப்பில் வைத்திருக்கிறோம்.

மின்கம்பி இழுத்த தம்பிகள், குறுகிய தெருவுக்குள் மண் வண்டியைக் கொண்டுவந்த ஓட்டுநர், வேளை தவறாமல் தேநீர் அனுப்பிய கடைக்காரர், புழுதியைப் பொறுத்துக்கொண்ட தெருவினர் ஆகியோருக்கும் நன்றி.

வேலை முடிந்தபின் மிஞ்சிய நாட்டு ஓடுகளும், தொட்டியில் மூடிவைத்த சுண்ணாம்பும், சாரக் கம்புகளும் பின்கட்டில் இருக்கின்றன. பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் எவரும் வந்து எடுத்துக்கொள்ளலாம், விலை வேண்டாம். கொத்தனார் ஐயாவையும் ஆசாரியாரையும் அணுக விரும்புவோர் எங்களிடம் கேட்டால், அவர்கள் அனுமதியோடு தொடர்புபடுத்தி வைக்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டார் இருவர்