டிராகன்ஸ்பர்க் குளிரும் எடை குறைந்த அடுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்கால மலையேற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, முதுகுப்பையில் சுமந்து செல்லும் அடுப்பைத் தேர்ந்தெடுக்க அதன் எடை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலைக்கு அந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து.

எரிவாயு உருளையின் தலையிலேயே திருகிப் பொருத்தும் அடுப்புகளில் பல 100 கிராமுக்கும் குறைவானவை என்பது உண்மைதான். காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அவற்றுக்குச் சுமார் 15 கிராம் எரிவாயு போதும். ஆனால் சென்டினல் சிகரத்தின் பக்கமாகச் சங்கிலி ஏணிகளில் ஏறி, ஆம்பிதியேட்டர் என்னும் செங்குத்துப் பாறைச்சுவரின் மேல்விளிம்பில் கூடாரம் அடிப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வீசும் காற்று சுடரைப் பாத்திரத்தின் அடியில் நிற்கவே விடாது. அடுப்பில் மிச்சம் பிடித்த எடையை இரண்டாவது உருளையாகச் சுமக்க வேண்டியதுதான். காற்றுத் தடுப்பைச் சுற்றி வைக்கலாமே என்றால், இவ்வகை அடுப்பில் அதுவே ஆபத்து. வெப்பம் உள்ளே தேங்கி உருளையைச் சூடாக்கும், அது வெடிக்கவும் கூடும். உருளையைத் தள்ளி வைத்துக் குழாயால் இணைக்கும் அடுப்பு சற்றுக் கனமானதுதான். எனினும் அதன் பர்னரைச் சுற்றித் தடுப்பை அச்சமின்றி நிறுத்தலாம், பாத்திரமும் தாழ்வாக, எளிதில் கவிழாமல் நிற்கும்.

எரிவாயுவின் கலவையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. கடல்மட்டத்தில் சாதாரண பியூட்டேனின் கொதிநிலை ஏறக்குறைய 0 பாகை செல்சியஸ், ஐசோபியூட்டேனுடையது −12, புரோப்பேனுடையது −42. உருளை இதைவிடக் குளிர்ந்தால் வாயு ஆவியாகி வெளிவராது. உயரம் கூடக்கூட இந்தக் கொதிநிலைகள் சற்றுக் குறையும் என்றாலும், வாயு ஆவியாகும்போது உருளை தானே மேலும் குளிர்ந்துபோவதால், 3000 மீட்டர் உயரத்தில், இங்கே குளிர்காலமான ஜூலை மாத விடியலில் வெறும் பியூட்டேனை நம்ப முடியாது. உருளையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து, ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததையே வாங்க வேண்டும். திருகு தம் அடுப்புக்குப் பொருந்துகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

மெத்திலேட்டட் ஸ்பிரிட் (எரிசாராயம்) அடுப்பு மலிவானது, எரிபொருளும் எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. புல் காய்ந்து கிடக்கும் குளிர்காலத்தில் அது ஒருமுறை கவிழ்ந்தால் சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளலாம்.

கட்டுரையாளர் பரிந்துரைத்த பருப்புச் சோறும் அந்த உயரத்துக்கு ஏற்றதன்று. அங்கே தண்ணீர் 90 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகுமுன் எரிவாயு தீர்ந்துவிடும். அவலோ ரவையோ கொண்டுபோவதே உசிதம்.

கட்டுரையுடன் வெளியான படத்தில், மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அப்படித்தான் ஆளைக் கொல்கிறது. இதற்கான திருத்தத்தையாவது அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
டர்பன் வாசகர் ஒருவர்