சண்முகத்துக்கு: இரண்டு திரை பற்றி

மதுரை
17.11.2024

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் தீபாவளி முடிந்த கையோடு வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. இடது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது சமையலறைச் சுவர். வலது கண்ணால் பார்த்தால் புதுச் சுண்ணாம்பு, இடது கண்ணால் பார்த்தால் பழைய புத்தகத் தாள். என் மேசையில் இருக்கும் இரண்டு மானிட்டர்களின் வெள்ளையும் ஒத்துவரவில்லை என்று ஒரு வருடமாகத் திருகிக்கொண்டிருந்தேன் அல்லவா? இப்போது கண்களின் வெள்ளையும் ஒத்துவரவில்லை. ஆக மொத்தம் நான்கு வெள்ளை. அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டு.

இனி உன் மானிட்டர் விவகாரம். மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த இரண்டாவது திரைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எதைத் திறந்தாலும் நீ பார்க்காத பக்கத்தில் திறக்கிறது, அம்புக்குறி நடுவழியில் முட்டிக்கொண்டு நிற்கிறது, மடிக்கணினியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் இடம் மாறிவிடுகிறது. பேய் இல்லை சண்முகம். நீ எந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கணினிக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரே திரை இருந்தவரை அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இப்போது ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மென்பொருள், நேற்று மூடிய இடத்திலேயே இன்றும் திறக்கும். இன்னொன்று அம்புக்குறி இருக்கும் திரையில் திறக்கும். மூன்றாவது, முதன்மைத் திரை என்று நீ குறித்துவைத்ததை விட்டு வெளியே வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாம் ஒரே மேசையில் கூடும்போதுதான் நமக்குத் தலை சுற்றுகிறது.

உன் இரண்டு திரைகளையும் கணினி ஒரே பெரிய வரைபடத் தாளாகத்தான் நினைக்கிறது. விண்டோஸில் முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் பூஜ்யம். அங்கிருந்து வலப்பக்கம் போகப் போக எண் கூடும். இடப்பக்கம் ஒரு திரையை வைத்தால் அது முழுவதும் மைனஸில் விழும். உன் புது மானிட்டர் 1920 புள்ளி அகலம், அதை மடிக்கணினிக்கு இடப்புறம் வைத்திருக்கிறாய். ஆகவே அதில் நீ மூடிய கணக்குச் சாளரம் தன் முகவரியை மைனஸ் 1500 என்று எழுதிவைத்துக்கொள்கிறது. மறுநாள் மடிக்கணினியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறாய். சில மென்பொருள்கள் அங்கே திரை இருக்கிறதா என்று பார்க்காமலேயே மைனஸ் 1500இல் போய்த் திறந்துகொள்ளும். கீழே டாஸ்க்பாரில் பெயர் இருக்கும், மேலே ஆளைக் காணோம். அப்போது பதறாதே. ஆல்ட்டும் டேபும் அழுத்தி அதைத் தேர்ந்தெடு. பிறகு ஆல்ட்டும் ஸ்பேஸ் பாரும், அடுத்து எம் எழுத்து, அடுத்து ஏதாவது ஓர் அம்பு விசை. இனி மவுஸை அசைத்தால் சாளரம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். நான் இதை ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் அடியில் ஒட்டியிருக்கிறேன்.

அந்த அட்டை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் ஒரு புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்தம். சாயங்காலம் கண் எரிந்ததால் இடப்பக்க மானிட்டரை மட்டும் அதன் பொத்தானை அழுத்தி அணைத்தேன். எனக்கு அது போய்விட்டது. ஆனால் கணினிக்குப் போகவில்லை. மானிட்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளில் 19ஆம் முனை என்று ஒன்று உண்டு, மறுமுனையில் திரை இருக்கிறது என்று தெரிவிப்பது அதுதான். பல மானிட்டர்கள் தூங்கும்போதும் அந்த முனை விழித்திருக்கும். வேலையை மூடப் போனேன். ‘சேமிக்கவா, வேண்டாமா’ என்ற கேள்விப் பெட்டி அணைந்த திரையில் போய்த் திறந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் முதன்மைத் திரையில் எதைத் தொட்டாலும் ‘டங்’ என்று ஒரு சத்தம், வேறு அசைவே இல்லை. கணினி உறைந்துவிட்டது என்று நினைத்துச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். 32 பக்கத் திருத்தம் போயிற்று. விண்டோஸ் விசை, ஷிஃப்ட், வலது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தியிருந்தால் அந்தப் பெட்டி துள்ளிக் குதித்து இந்தப் பக்கம் வந்திருக்கும். 2009இல் விண்டோஸ் 7 வந்த நாளிலிருந்து இருக்கும் வசதி. பதினைந்து வருடம் கழித்து எனக்குத் தெரிய வந்திருக்கிறது.

டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகைக் கேபிள் என்றால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மானிட்டரை அணைத்தாலே அது ஊரைவிட்டே போய்விட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு, எல்லாச் சாளரங்களையும் மிச்சமிருக்கும் திரையில் அள்ளிக் கொட்டும். உன்னிடம் விண்டோஸ் 11 என்பதால் இதற்கு வழி இருக்கிறது. டிஸ்ப்ளே அமைப்புகளில் பல திரைகளுக்கான பகுதியைத் திற. சாளரங்கள் எந்த மானிட்டரில் எங்கே இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். மானிட்டரைக் கழற்றினால் அதிலிருந்தவற்றைச் சுருக்கிக் கீழே இறக்கச் சொல்லும் கட்டம் ஒன்றும் இருக்கும். இரண்டிலும் டிக் போடு. மூன்றாவது நோய்க்கு மருந்து அவ்வளவே.

அம்புக்குறி முட்டுவது வெறும் உயரக் கணக்கு. மடிக்கணினியின் திரை 1080 வரி. பக்கத்துத் திரை 1440 வரி என்றால், மிச்சமுள்ள 360 வரிக்கு எதிரே வெறும் சுவர். நீ எழுதியதைப் பார்த்தால் உன் இரண்டு திரைக்கும் உயரம் ஒன்றுதான், ஆனால் அமைப்புகளில் உள்ள இரண்டு கட்டங்கள் மேலும் கீழுமாக நிற்கின்றன. மேசையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இழுத்துப் பொருத்து. நான் மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வைத்திருக்கிறேன். ஒற்றைத் திரையில், மூடுவதற்கான பெருக்கல் குறியை நாம் குறிபார்த்து அடிப்பதே இல்லை. மவுஸை மூலைக்கு வீசுவோம், ஓரம் தடுத்து நிறுத்திவிடும். அடுத்த திரை வந்தவுடன் அந்த ஓரம் வாசலாகிவிடுகிறது. வீசிய அம்பு அந்தப் பக்கம் போய் விழுகிறது. ஆகவே என் வலப்பக்கத் திரையின் கட்டத்தை அமைப்புகளில் ஒரு விரற்கடை கீழே இறக்கிவிட்டேன். மேல் மூலை மறுபடியும் சுவராயிற்று. குறுக்கு வழிதான், ஆனால் கைக்குச் சுகம்.

எழுத்தின் அளவு வேறு. 14 அங்குல மடிக்கணினியில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 157 புள்ளி, 24 அங்குல மானிட்டரில் அதே 1920க்கு 1080 என்றால் சுமார் 92தான். இங்கே அளவாக இருக்கும் சாளரம் அங்கே போனதும் ஒன்றே முக்கால் பங்கு ஊதிவிடும். ஒவ்வொரு திரைக்கும் தனித் தனி அளவு வைக்கும் வசதி விண்டோஸுக்கு வந்ததே 2013இல், 8.1 பதிப்பில்தான். அதைக் கற்றுக்கொள்ளாத பழைய மென்பொருள்களைக் கணினி ஒரு படம் போல இழுத்துப் பெரிதாக்குகிறது. இங்கிலீஷ் எழுத்து அதைத் தாங்கும். நம் னகரத்தின் சுழியும் ணகரத்தின் சுழியும் மங்கிப் போனால் மெய்ப்பு பார்ப்பவன் பிழைக்க முடியுமா? அதனால் அப்படிப்பட்ட மென்பொருளைத் திரை மாற்றுவதே இல்லை, முதன்மைத் திரையிலேயே திறந்து அங்கேயே மூடுகிறேன்.

இனி நான் உண்மையில் எழுத வந்தது. நாம் இருவரும் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த காலத்தை நினைத்துப் பார். எழுத்துகள் கிடக்கும் பெட்டியான கேஸின் மேல் கையெழுத்துப் பிரதி சாய்ந்திருக்கும். கையில், வரி கோர்க்கும் ஸ்டிக். ஸ்டிக் நிறைந்தால் கேலி என்ற நீளத் தட்டில் இறக்குவோம், கேலி நிறைந்தால் அடுத்த கேலி. கையெழுத்துப் பிரதி மட்டும் அசையாது. யாராவது அதை நகர்த்தினால் நீ கத்துவாய், நினைவிருக்கிறதா? இரண்டாம் திரை எனக்கு அந்தச் சாய்ந்த தாள். அதில் ஆசிரியரின் மூலம் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் நான் அகராதிக்குப் போவேன், மின்னஞ்சலுக்குப் போவேன், பக்க வடிவமைப்புக்குப் போவேன், அந்தப் பக்கம் ஒரு வரிகூட நகரக் கூடாது.

ஆனால் டெஸ்க்டாப்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் வசதி 2015இல் விண்டோஸ் 10இல் வந்தபோது, இரண்டு திரையும் சேர்ந்தேதான் மாறின. இன்றும் அப்படித்தான். ஆப்பிள்காரர்கள் 2013இலேயே மேவரிக்ஸ் பதிப்பில் ஒவ்வொரு திரைக்கும் தனித் தனித் தாவல் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, ஒரே சாளரத்தை இரண்டு திரையிலும் பரப்பி வைக்கும் பழைய வசதியைப் பறித்துக்கொண்டார்கள், வேண்டுமானால் அமைப்பை மாற்றித் திரும்பப் பெறலாம். என் மகள் தன் பழைய மடிக்கணினியில் உபுண்டு என்ற வேறோர் இயங்குதளம் போட்டுக் கொடுத்தாள். அதில் சாளரங்களைக் கவனித்துக்கொள்ளும் க்னோம், தாவலை முதன்மைத் திரையோடு நிறுத்திக்கொண்டு மற்றதை அசையாமல் விட்டுவிடுகிறது. யாரோ ஒரு அச்சுக்கோப்பாளரின் பேரன் எழுதிய மென்பொருள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எல்லாத் திரையும் சேர்ந்து மாறட்டும் என்பவர்களுக்கும் அதில் ஓர் அமைப்பு உண்டு.

நீ அந்தக் கட்சியில் இருப்பாய் என்று நினைக்கிறேன். நீ இப்போது நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாய். இடப்பக்கம் பில்கள், வலப்பக்கம் பேரேடு. மளிகைக் கடையிலிருந்து ஜவுளிக் கடைக்குத் தாவினால் இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஒன்று மாறி ஒன்று நின்றால் ஜவுளிக்காரரின் பில்லை மளிகைக்காரரின் கணக்கில் ஏற்றிவிடுவாய். ஆகவே விண்டோஸ் செய்வது உனக்குச் சரி. கடைக்கு ஒரு டெஸ்க்டாப் வைத்துக்கொள். விண்டோஸ், கன்ட்ரோல் விசைகளோடு அம்பை அழுத்தினால் கடை மாறும். கால்குலேட்டர் போல எல்லாக் கடைக்கும் வேண்டியதை மட்டும் விண்டோஸ் விசையும் டேபும் அழுத்தி வரும் காட்சியில் வலது கிளிக் செய்து, எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டச் சொல். விண்டோஸில் வேலை செய்யும் நாட்களில் என் கையெழுத்துப் பிரதியையும் நான் அப்படித்தான் ஆணியடித்து வைக்கிறேன்.

டாஸ்க்பாரை இரண்டு திரையிலும் காட்டு, ஆனால் எந்தச் சாளரம் எங்கே இருக்கிறதோ அதன் பெயர் அங்கே மட்டும் தெரியும்படி வை. இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே பட்டியல் நிற்கும், அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒன்று மிச்சமிருக்கிறது, எனக்கு மானம் போன விஷயம். விசைப்பலகை நம் கண்ணுக்குக் கட்டுப்பட்டதல்ல, கடைசியாகக் கிளிக் செய்த சாளரத்துக்குக் கட்டுப்பட்டது. வலப்பக்கம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே, ‘இவருக்கு வல்லினம் எங்கே மிகும் என்றே தெரியாது’ என்று தட்டி என்டரையும் அழுத்தினேன். குறிப்பேட்டில் ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், இடப்பக்கத் திரையில் திறந்திருந்த அரட்டைச் சாளரத்தில் ஆசிரியருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் இரண்டு நிமிடம் கழித்து, ‘எங்கே மிகும், சொல்லுங்கள்’ என்று கேட்டார். பெரிய மனிதர், அதோடு விட்டுவிட்டார். அன்றே நிற அமைப்புகளுக்குப் போய், சாளரங்களின் தலைப்பட்டையில் நிறம் காட்டும் கட்டத்தில் டிக் போட்டேன். இப்போது விசைகளை வாங்கிக்கொள்ளும் சாளரத்துக்கு மட்டும் தலையில் அரக்குச் சிவப்பு. நீயும் போட்டுக்கொள், ஜவுளிக்காரருக்குப் போக வேண்டியது வருமான வரிக்காரருக்குப் போய்விடப் போகிறது.

தை மாதம் இரண்டாவது கண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கும்போது வாயேன். படிக்கவும் முடியாமல் திரை பார்க்கவும் முடியாமல் இருப்பேன், பேச ஆள் வேண்டும். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் போன் செய், மகள் வந்து அழைத்துக்கொள்வாள். பரணில் கிடக்கும் உன் பழைய மானிட்டரை எனக்குத் தருவதாக எழுதியிருந்தாய். அதை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வராதே. நான்கு வெள்ளையோடு போதும்.

அன்புடன்,
வேலாயுதம்