அம்மை எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஏற்காடு மலைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுவேன். எந்த வீட்டில் தட்டம்மை என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். வாசலில் செருகிய வேப்பிலைதான் சொல்லும். "ஆத்தா வந்திருக்கா, உள்ள வராதம்மா" என்று நிறுத்திவிடுவார்கள். பிள்ளையை வெளியே விடாமல் வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே நோய் பரவும். வேப்பிலை செருகும்போது அது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

ஒரு காப்பிப் பழ சீசனில் எஸ்டேட் லைன் வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு அம்மை. இரண்டு வாரத்தில் இன்னும் 3 பிள்ளைகள் விழுந்தார்கள். "வடக்கத்திக்காரங்க கொண்டாந்தது" என்று பேச்சு கிளம்பி, புதிதாக வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தோடு குழாயடியில் யாரும் பேசவில்லை. விசாரித்தால், முதல் குழந்தை அதற்கு இரண்டு வாரம் முன்பு சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்களும் இருந்தார்களாம். தொண்டையில் குச்சியால் தடவி அனுப்பியிருந்தால் ஒரு துப்பு கிடைத்திருக்கும். ஆனால் கடைசிப் பிள்ளைக்கும் மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நான் அங்கே போனேன். ரத்தம் மட்டும் எடுத்தோம். தட்டம்மைதான் என்று முடிவு வந்தது. எங்கிருந்து என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. அதற்குள் அந்தக் குடும்பம் மூட்டை கட்டிப் போய்விட்டது.

2008-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், தடுப்பூசி போடாமல் சுவிட்சர்லாந்து போய்வந்த 7 வயதுப் பையனிடமிருந்து இன்னும் 11 பிள்ளைகளுக்குத் தட்டம்மை பரவியது. கிருமியின் மரபணு வகை பார்த்தார்கள். அப்போது சுவிட்சர்லாந்தில் சுற்றிக்கொண்டிருந்த டி5 என்ற வகை அது. அந்த 11 பேரில் 4 பேருக்கு ஒட்டிக்கொண்டது குழந்தை டாக்டரின் கிளினிக்கில்! நம் கிளினிக் பெஞ்சுகளை நினைத்துப் பாருங்கள்.

வகை தெரிந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. டி8 என்ற வகை நம் நாட்டிலேயே பல காலமாக இருக்கிறது. அதனால் கிருமியின் மரபணுவில் குறிப்பிட்ட 450 எழுத்துகளை வேறு ஊர் மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும், நோய் வருவதற்கு முந்தைய இரண்டு வாரக் கதையையும் திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. தடுப்பூசியில் இருப்பது ஏ வகை. ஊசி போட்ட பிறகு தடிப்பு வந்தால், ஊசியாலா நோயாலா என்று தெரிந்துவிடும். நான் வாங்கிய திட்டுகளில் பாதி குறைந்திருக்கும்.

முடிவுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. விட்டுப்போன பிள்ளைகளுக்கு அன்றே தடுப்பூசி, படுத்த பிள்ளைக்கு வைட்டமின் ஏ, இதெல்லாம் உடனே நடக்கட்டும். ஆனால் ஆடி மாதக் கூட்டம் சேரும் ஊர் இது. காய்ச்சலும் தடிப்புமாக வரும் பிள்ளையைத் தனியார் கிளினிக்குகள் தனியாக உட்காரவைத்து, அன்றைக்கே சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். தடிப்பு வந்த முதல் சில நாட்களிலேயே தொண்டை மாதிரி எடுக்க வேண்டும்.

அப்புறம், முடிவு மேலிடத்துக்கு மட்டும் போகாமல், மாதிரி எடுத்த நர்ஸம்மாவுக்கும் ஒரு போன் வரட்டும். குழாயடியில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.