கம்பு கற்க எதிரில் ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர், சிலம்பம் கற்க இனி வாத்தியாரைத் தேடி அலைய வேண்டியதில்லை, கையில் போன் இருந்தால் மொட்டை மாடியே போதும் என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவர் சொல்லும் அதே வழியில் என் மகள் இரண்டு வருடம் போய்விட்டுத் திரும்பி வந்தவள்.

நாங்கள் குடியாத்தத்தில் கைலி நெய்கிற குடும்பம். 2020-இல் ஊரடங்கு வந்தபோது மகள் 6-ஆம் வகுப்பு. பாடத்துக்காகக் கடன் வாங்கி ஒரு போன் வாங்கினோம். பாடம் முடிந்ததும் அதிலேயே சிலம்பம் பார்க்க ஆரம்பித்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. வைகாசித் திருவிழாவில் கெங்கையம்மனின் சிரசை, அதாவது தலையை, எடுத்துச் செல்லும் ஊர்வலத்தில் கம்பு சுற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தே வளர்கிறார்கள். வீட்டில் மிஞ்சிக் கிடந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். கீழே தறி ஓடும், மேலே குழாய் விர்ரென்று சுழலும். ஆறே மாதத்தில் தலைக்கு மேல், முதுகுக்குப் பின்னால் என்று எல்லாம் சுற்றினாள். தெருவே வந்து பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளி திறந்து ஊர் பழையபடி ஆன பிறகு, பக்கத்துக் கிராமத்தில் கோயில் திடலில் கம்பு சொல்லித்தரும் பெரியவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். வயது 70-ஐத் தாண்டியவர். "சுத்து பாப்பா, பார்க்கலாம்" என்றார். தெரிந்ததையெல்லாம் சுற்றிக் காட்டினாள். கடைசி வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பாப்பா இடது கைக்காரியாம்மா?" என்று என்னைக் கேட்டார். இல்லையே, சோற்றுக் கையால்தான் எழுதுகிறாள். அப்புறம்தான் புரிந்தது. படத்தில் ஆடியவர் இவளுக்கு நேர் எதிரே நின்று ஆடியிருக்கிறார். இவள் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அப்படியே செய்திருக்கிறாள். அவருடைய வலது இவளுக்கு இடது ஆகிவிட்டது. போட்ட காலடி அத்தனையும் பக்கம் மாறிக் கிடந்தது. இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த எனக்கு அது தெரியவே இல்லை.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும். இவளுடைய குழாயோ தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது. அது தரையில் இடிக்காமல் இருக்கத் தோளைத் தூக்கியே பழகியிருந்தாள். உள்ளே வெறும் காற்றாக இருக்கிற குழாய்க்கு மூங்கிலின் கனம் ஏது? மணிக்கட்டு செய்ய வேண்டிய வேலையை முழங்கை செய்துகொண்டிருந்தது. கண் முழுக்கக் கம்பின் முனையிலேயே இருந்தது.

பிறகு வாத்தியார் தானே ஒரு கம்பை எடுத்துக்கொண்டு இவள் எதிரில் வந்து நின்றார். மெதுவாகத்தான் ஓர் அடி முன்னால் வைத்தார். இவளுக்குக் கை நகரவில்லை. அடுத்த முறை தடுத்தாள். கம்பும் கம்பும் மோதிய வேகத்தில் இவள் கம்பு கையை விட்டு எகிறித் திடலில் போய் விழுந்தது. அத்தனை நாளில் அவள் கம்பின் மேல் இன்னொரு கம்பு பட்டதே இல்லை! எவ்வளவு தூரத்தில் நின்றால் அடி எட்டும், எதிராளியின் தோள் அசையும்போதே எந்தக் காலை எடுக்க வேண்டும் என்பதெல்லாம், எதிரில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் ஆள் நின்றால்தான் உடம்பில் ஏறும். கராத்தேயும் அப்படித்தான். கட்டா எனும் வரிசையைத் தனியாக மனப்பாடம் செய்துவிடலாம். எதிரெதிரே நின்று மோதும் குமிட்டேவுக்கு இன்னொருவர் வேண்டுமே.

பழகியதை மறக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒன்றும் தெரியாமல் புதிதாக வந்த சின்னப் பிள்ளைகள் இவளைத் தாண்டிப் போனார்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொள்வாள். மறுபடி முதல் காலடியிலிருந்து ஆரம்பிப்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவள் நான்.

ஏகலைவன் தனியாகத்தானே கற்றான் என்று என் தம்பி வாதாடுவான். சரி, ஆனால் அவன் வேடர் வீட்டுப் பிள்ளை. வில் பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். அதோடு, குறி தவறினால் அம்பே சொல்லிவிடும். நான் நெய்யும்போதும் ஊடை அறுந்தால் துணியிலேயே தெரிந்துவிடுகிறது. மாடியில் தனியாகச் சுற்றுகிற பிள்ளைக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? எங்கள் மாவட்டத்துச் சத்துவாச்சாரி சதீஷ்குமார் சிவலிங்கம் 2014-லிலும் 2018-லிலும் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார். அவருடைய அப்பாவும் பளுதூக்கும் வீரர். தப்பைக் கண்டுபிடிக்கிற கண் அந்த வீட்டிலேயே இருந்தது.

மாடியில் ஆடியது முழுக்க வீண் என்று நான் சொல்லவில்லை. மூச்சும் தைரியமும் அவளுக்கு அங்கேதான் வந்தன, வாத்தியாரே அதைச் சொன்னார். இப்போதும் அவர் காட்டியதை வீட்டில் ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்ள போனைப் பார்க்கிறாள். அதில் தப்பில்லை. என் பயம் வேறு. பெண் பிள்ளைகளின் தற்காப்புக்கு இது போதும் என்று அந்த வாசகர் எழுதியிருந்தாரே, அங்கேதான் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. தனக்கு அடிக்கத் தெரியும் என்று நம்பி, ஓடித் தப்பிக்க வேண்டிய இடத்தில் என் மகள் எதிர்த்து நின்றிருந்தால்? வாத்தியாரின் ஒரே ஓர் அடிக்கு உறைந்து நின்றவள் அவள்.

2021-இல் தமிழக அரசு சிலம்பத்தை வேலைவாய்ப்புக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பமும் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அதனால் இன்னும் நிறையப் பிள்ளைகள் வருவார்கள், வரட்டும். காசு இல்லாததாலும் பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லாததாலும்தான் பலர் போனைப் பிடிக்கிறார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் கம்பு தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளி மைதானத்தை வாரத்தில் இரண்டு மாலை அவர்களுக்குத் திறந்துவிட்டு, ஒரு மதிப்பூதியமும் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் சரியான காலில் ஆரம்பிப்பார்கள். உங்கள் நாளிதழ் இவர்களைத் தேடிப்போய், எந்த ஊரில் யார் சொல்லித்தருகிறார்கள் என்று வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் இப்போது 11-ஆம் வகுப்பு. ஞாயிறு காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு நெற்றி அளவு பார்த்துக் கம்பு எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. படம் பார்த்துப் பழகிவிட்டு வருகிற பிள்ளைகளின் எதிரில் முதலில் அவளைத்தான் வாத்தியார் நிற்கச் சொல்கிறார். மாலை வகுப்புதான் கஷ்டமாக இருக்கிறது. மார்கழியில் 6 மணிக்கே இருட்டிவிடுகிறது. கம்பு வருவது தெரியாமல் பிள்ளைகள் விரலில் அடி வாங்குகிறார்கள். அந்தத் திடலுக்கு ஒரு விளக்கு போட்டுத் தரும்படி, பொறுப்பில் உள்ளவர்களை இந்தக் கடிதத்தின் மூலம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கைத்தறித் தொழிலாளி ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.