வேலூர் வெயிலுக்கு லேசான சென்ட்தான் சரி

ஆசிரியருக்கு வணக்கம்.

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் வேலூரில், நெரிசலான பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு எலுமிச்சை, பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழம், ஆரஞ்சுப் பூ, கொஞ்சம் மல்லிகை சேர்ந்த லேசான சென்ட்தான் பொருத்தம். ஆனால் கடையில் கேட்டால் "அது நிக்காதும்மா" என்று சொல்லி, தலைவலி வரவைக்கும் கனமான ஊத் (அகர் மர வாசம்) சென்ட்டையே எடுத்து நீட்டுகிறார்கள். நிற்காதுதான். சிட்ரஸ், அதாவது எலுமிச்சை இனப் பழ எண்ணெயில் இருக்கும் லிமோனீன் என்ற பொருள் சீக்கிரம் ஆவியாகிவிடும், எலுமிச்சை வாசம் முதலில் போய் அப்புறம் பூ வாசம் மிஞ்சும், அதன் இயல்பே அப்படி, அதற்காக அது மட்டமான சரக்கு ஆகிவிடாது. சின்ன பாட்டில் ஒன்றைக் கைப்பையில் வைத்து மதியம் மறுபடி அடித்துக்கொண்டால் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. சுத்திகரிக்காத பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கும், அது பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் சிவந்து, கறுத்துப்போகலாம். நல்ல கம்பெனிகள் அதை நீக்கிவிடுகின்றன, ஆனால் லேபிள் இல்லாமல் விற்கும் மலிவுப் பாட்டில்களை எப்படி நம்புவது? அதைக் கழுத்தில் அடிக்காமல் துணியில் அடிப்பதே நல்லது. கடைக்காரர்களும் பாட்டில்களை வெயில் படும் ஷோகேஸில் அடுக்க வேண்டாம், சிட்ரஸ் வாசம்தான் முதலில் கெடும். உங்கள் மகளிர் பக்கத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டு இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

ஒரு வாசகி,
காட்பாடி