பூட்டிய வீடுகளும் எங்கள் பாடசாலையும்: புங்குடுதீவு, 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, பெற்றோர்களே, விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும் உறவுகளே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவு விபரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். விளையாட்டுப் போட்டியும் ஆசிரியர் தினமும் வாணி விழாவும் வழக்கம்போல நடந்தன. அவற்றுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் எங்கள் பாடசாலைச் சங்கத்தின் நன்றி. மீதி நேரம் முழுவதையும் ஒரே விடயத்துக்கு எடுத்துக்கொள்ள உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். யாழ்ப்பாணத்தை அடுத்த இந்தத் தீவில் உள்ள எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். அதைத் தடுக்கும் வழி வகுப்பறைக்குள் இல்லை, பூட்டிக் கிடக்கும் எங்கள் வீடுகளில்தான் இருக்கிறது என்பது நிர்வாகக் குழுவின் கருத்து.

இலங்கை முழுவதிலும் 50 பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ள பாடசாலைகள் ஏறத்தாழ 1,500. இதைக் கல்வி அமைச்சே இந்த வருடம் பாராளுமன்றத்தில் சொன்னது. சிறிய பாடசாலைகளை என்ன செய்வது என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்ற ஆளணி கணக்கிடப்படும். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால், இருக்கிற பெற்றோரும் பிள்ளையைப் பக்கத்தில் உள்ள வேலணைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கற்பித்தல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தச் சுழற்சியை அதிபர் ஒருவரால் நிறுத்த முடியாது. தரம் ஒன்றுக்கு வருகிற பிள்ளைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்ற நிலையில் நாங்கள் இருக்கிறோம்.

1990, 91 போர்க்கால இடப்பெயர்வுக்கு முன்பு இந்தத் தீவின் பன்னிரண்டு வட்டாரங்களிலும் பாடசாலைகள் நிறைந்திருந்ததை இங்கே இருக்கும் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். போன சனத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. கொழும்பிலும் சுவிஸிலும் பிரான்ஸிலும் கனடாவிலும் வேரூன்றிவிட்டார்கள். அதில் யாரையும் குறைசொல்ல இடமில்லை. இன்றைக்குப் பாடசாலையின் கூரையும் கணினியும் புலமைப்பரிசில் வகுப்பும் அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் பணத்தை அனுப்பலாம், பிள்ளைகளை அனுப்ப முடியாது.

சரி, பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? இங்கே வந்து குடியிருக்க விரும்பும் குடும்பங்கள் உண்டு. தொழிலுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கம் வந்துபோகும் கடற்றொழில் குடும்பங்கள், தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து திரும்பிக் காணி இல்லாமல் உறவினர் வீட்டில் ஒதுங்கி இருப்பவர்கள், ஊரிலேயே பிறந்தும் சொந்தமாக ஒரு பரப்புக் காணி இல்லாதவர்கள். அரச வீட்டுத்திட்டம் பெரும்பாலும் காணி உள்ளவருக்கே கிடைக்கிறது. காணி இல்லாதவர் வாடகைக்கு வீடு தேடினால், இத்தனை வீடுகள் உள்ள தீவில் ஒரு வீடு கிடைப்பதில்லை. வட்டாரம் வட்டாரமாக நடந்து பாருங்கள். சுவரைப் பிளந்து ஆலும் அரசும் வளர்ந்த வீடு ஒரு பக்கம், நல்ல ஓடும் நல்ல கதவும் உள்ள, ஆனால் கோவில் திருவிழாவுக்கு மட்டும் திறக்கிற வீடு இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகை வீடுகள்தான் எங்கள் கவனத்தில் உள்ளவை.

வீட்டுக்காரர்களோடு தொலைபேசியிலும் நேரிலும் பேசியபோது கேட்ட பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "ஆட்களை இருத்தினால் பத்து வருடத்தில் காணி அவர்களுக்குப் போய்விடும்." இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. உரிமையாளரின் அனுமதியோ உரிமையோ பெறாமல், அவருக்கு எதிராகப் பத்து வருடம் காணியைத் தடையின்றி அனுபவித்தவர் நீதிமன்றத்தில் உரித்துக் கோரலாம். ஆனால் சட்டத்தின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. உரிமையாளரின் அனுமதியோடு, அவருக்குக் கீழ்ப்பட்டவராக உள்ளே வந்தவர், மனதுக்குள் எண்ணத்தை மாற்றிக்கொண்டு உரித்தாளர் ஆகிவிட முடியாது என்பது நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் நீதிமன்றங்கள் பின்பற்றும் நிலைப்பாடு. ஆகவே ஆபத்து ஆட்களை இருத்துவதில் இல்லை. வாய்ப்பேச்சில் இருத்துவதில்தான் இருக்கிறது. "பார்த்துக்கொள்ளுங்கோ தம்பி" என்று திறப்பைக் கொடுத்துவிட்டுப் பதினைந்து வருடம் திரும்பிப் பாராமல் விட்டவர்கள்தான் வழக்குக்குப் போகிறார்கள். நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன் எழுதிய குத்தகை உடன்படிக்கை, குறித்த கால முடிவில் புதுப்பித்தல், சிறிய தொகையானாலும் பற்றுச்சீட்டோடு வாடகை: இவை இருந்தால் பூட்டிய வீட்டைவிட ஆள் இருக்கும் வீடே உரிமையாளருக்குப் பாதுகாப்பு. பூட்டிய வீட்டின் வேலியைப் பக்கத்து வளவுக்காரர் நகர்த்தினால் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இதோடு பின்னிக் கிடப்பது பிரதேச சபைக்குக் கட்டும் வீட்டு வரியான சோலைவரி. தொகை பெரிதில்லை. ஜனவரி 31 க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவும் உண்டு. ஆனாலும் பல வீடுகளுக்கு நிலுவை சேர்ந்துகொண்டு போகிறது. காரணம், பதிவேட்டில் இன்னும் அப்பப்பாவின் பெயர், அம்மம்மாவின் பெயர். காணி உறுதி சீதனமாகவும் முதுசமாகவும் மூன்று தலைமுறை கைமாறியும் பெயர் மாற்றப்படவில்லை. உரித்தாளர் ஐந்து நாடுகளில் இருந்தால் யார் கட்டுவது என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்கிறார்கள். குடியிருப்பவர் கட்டலாம் என்றால், வரிப் பற்றுச்சீட்டை ஆட்சிக்குச் சான்றாக நீதிமன்றத்தில் காட்டுவார் என்று பயம். இதற்கும் வழி எளிது. பற்றுச்சீட்டு உரிமையாளர் பெயரிலேயே எழுதப்படட்டும். குடியிருப்பவர் உரிமையாளர் சார்பில், வாடகையில் கழித்துக் கட்டுகிறார் என்று உடன்படிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இன்னொரு வரிக் கதையும் ஆட்களைப் பயமுறுத்தியது. 2024 இன் நடுப்பகுதியில், வாடகை வராத இரண்டாவது வீட்டுக்கும் வாடகை வந்ததாகக் கணித்து வரி விதிக்கும் யோசனை சர்வதேச நாணய நிதியத்தின் ஆவணத்தில் வந்தது. 2025 ஏப்ரல் என்று நாளும் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாளில் அந்த வரி வரவில்லை. வராத வரிக்காக வீட்டை அவசரமாக விற்கவோ பூட்டவோ வேண்டாம் என்று கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். ஒருநாள் வந்தால்கூட, வெறும் வீட்டை வைத்திருப்பவருக்குத்தான் அது வலிக்கும். வாடகை வரும் வீட்டில் வரி கட்ட ஒரு வருமானமாவது இருக்கும்.

2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் இருந்தோம். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு இப்போது பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சோலைவரிப் பெயர்மாற்றத்துக்கு ஊரிலேயே ஒரு நடமாடும் சேவை வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை விடாமல் கேட்பது புதிய நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆசிரியர்கள் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தில் இருந்து 776 ஆம் இலக்க பஸ்ஸில் விடியற்காலையில் ஏறி, வேலணையில் இருந்து கடலுக்குக் குறுக்கே போட்ட வாணர் தாம்போதியைத் தாண்டி வருகிறார்கள். மாரியில் அந்தக் காற்றும் மழையும் உங்களுக்குத் தெரியும். பின்னேர வகுப்பு எடுக்க மனமிருந்தும் பஸ் போய்விடும் என்று ஓடவேண்டி இருக்கிறது. பாடசாலைக்கு அருகில் உள்ள ஒரு பூட்டிய வீட்டை ஆசிரியர் விடுதியாகத் தந்தால், மாலை நேர வகுப்பு தானாக நடக்கும். கிணறுகள் பல உவர் என்பதால் தண்ணீர்த் தாங்கியும் பவுசரில் தண்ணீர் கொண்டுவரும் ஒழுங்கும் சேர்த்தே செய்யவேண்டும். அதற்குச் சங்க நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

இந்தப் பொதுக்கூட்டத்தின் முடிவுக்கு நிர்வாகம் முன்வைப்பவை: வீடு தர விரும்புவோருக்கான மாதிரி உடன்படிக்கையை ஒரு சட்டத்தரணியைக் கொண்டு தயாரித்தல், அதன் நொத்தாரிசு செலவை முதல் வருடம் சங்கமே ஏற்றல், பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தல், உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் தனக்காகச் செயற்படும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தை உறவினர் ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லுதல், சங்கத்தின் பெயருக்கோ நிர்வாகிகளின் பெயருக்கோ அதை ஒருபோதும் வாங்காதிருத்தல். கடைசி விதியை நாங்கள் மிகவும் வலியுறுத்துகிறோம். வீட்டு விடயத்தில் சங்கத்தின் மேல் ஒரு சந்தேகம் விழுந்தால் அப்புறம் யாரும் திறப்பைத் தரமாட்டார்கள்.

இன்று வந்திருக்கும் வீட்டுக்காரர்கள் திரும்பிப் போவதற்கு முன்பு, விருப்பமானவர்கள் பெயரையும் வட்டாரத்தையும் உதவிச் செயலாளரிடம் பதிந்துகொள்ளவும். உறுதியின் பிரதி இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டாலும் பெயரைத் தாருங்கள்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டு, புதிய நிர்வாகத் தெரிவுக்கு இடம்விடுகிறேன்.

செயலாளர்